காட்டிக் கொடுக்கும் பெட்டி

மார்ச் 4

மாப்பிள்ளைக்கு,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்க மனசு வரவில்லை. அதனால் வெறும் மாப்பிள்ளைதான்.

உன்னோடு இனிமேல் பேச மாட்டேன் என்று சொன்னேன். சொன்னது சொன்னதுதான். போன் போட்டால் எடுக்க மாட்டேன். நேரில் வந்து நின்றால் எழுந்து உள்ளே போய்விடுவேன். ஆனால் எழுத மாட்டேன் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. இந்த ஓட்டையைக் கண்டுபிடித்தது உன் அக்கா. "பேசத்தானே மாட்டேன்னீங்க, எழுதினா என்ன கை ஒடிஞ்சா போயிடும்?" என்று பேப்பரையும் பேனாவையும் முன்னால் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

விஷயம் அவளுடைய கார்தான். டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் என்ஜின் படம் போட்ட விளக்கு ஒன்று எரிகிறது. வண்டி ஓடுகிறது, சத்தமும் சரியாகத்தான் இருக்கிறது, விளக்கு மட்டும் அணைய மாட்டேன் என்கிறது. முக்குக் கடை மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, "சென்சார் மாத்தணும் சார்" என்றான். எந்த சென்சார் என்று கேட்டேன். "எல்லாத்தையும் மாத்திட்டா நிம்மதி" என்றான். இவனை நம்பி, பிரசவம் பார்க்கப் போகிற நர்ஸை நடுரோட்டில் நிற்கவைக்க நான் தயாராக இல்லை.

நீ விட்டுப்போன டூல்ஸ் பையைக் குடைந்தபோது கை அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி கிடைத்தது. சின்னத் திரை, நாலு பட்டன், ஒரு வால். கோடு படிக்கும் கருவி என்று உன் அக்கா சொல்கிறாள். எனக்குத் தெரிந்த கோடு ரோட்டு நடுவே போடுகிற வெள்ளைக் கோடு ஒன்றுதான். அதைத் தாண்டாமல் பத்தொன்பது வருஷம் பஸ் ஓட்டியவன் நான். ஒரே ஒரு தடவை சாப்பாட்டு மேஜையில் மயங்கி விழுந்ததற்கு, டிப்போ டாக்டரிடம் ஓடிப்போய் என்னைக் காட்டிக் கொடுத்தவன் நீ. லைசென்ஸையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இப்போது வீட்டுக்கு வேலி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தப் பெட்டியை எப்படி உபயோகிப்பது என்று எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன்
(இப்போதைக்கு வேறு உறவு கிடையாது)


மார்ச் 11

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை இங்கே குவாரி ஒர்க் ஷாப்பில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். இந்த முகவரிக்கு வந்த முதல் கையெழுத்துக் கடிதம் அதுதானாம். ஸ்டோர் கீப்பர், "கல்யாணம் நிச்சயமாயிடுச்சா?" என்று கேட்டார்.

பெட்டிக்கு ஸ்கேனர் என்று பெயர். ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்தில் கையை விட்டுத் தடவுங்கள். பல் வரிசை மாதிரி ஒரு சாக்கெட் இருக்கும். அதில் வாலைச் செருகுங்கள். சாவியை ஆன் வரைக்கும் திருப்புங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். திரை வெளிச்சமானதும் முதல் வரியை அழுத்தினால் ஒரு எழுத்தும் நாலு எண்ணும் வரும். அதுதான் கோடு. அதைப் பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள். பெட்டியே பக்கத்தில் ஒரு வரி விளக்கமும் போடும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கோடு, கெட்டுப்போன பாகத்தின் பெயர் இல்லை. யார் புகார் கொடுத்தார்கள் என்பதுதான் அது. ஒரு சென்சார் பெயர் வந்தால், அந்த சென்சார் எதையோ பார்த்துக் கத்துகிறது என்று அர்த்தம். கத்துகிறவனைப் பிடித்து மாற்றிப் பிரயோஜனம் இல்லை. முக்குக் கடைக்காரர் செய்யப் பார்த்தது அதைத்தான்.

கடைசி வரியில் 'அழி' என்று ஒன்று இருக்கும். அவசரப்பட்டு அதில் கை வைக்காதீர்கள்.

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றீர்கள். ஆனாலும் ஒன்று. அன்றைக்கு மத்தியானம் நீங்கள் பஸ் எடுக்க வேண்டியிருந்தது. பஸ் நிறைய ஆட்கள். நான் சொன்னேன். இன்னொரு தடவை அப்படி நடந்தாலும் சொல்வேன்.

ஸ்கேனரை வெயிலில் வைக்காதீர்கள்.

தம்பி


மார்ச் 19

மாப்பிள்ளைக்கு,

பி 0457! பெட்டியில் வந்தது. பெட்ரோல் டேங்க் மூடி சரியாக மூடவில்லையாம். போய்ப் பார்த்தால் மூடிக்குள் இருக்கிற ரப்பர் வளையம் வெடித்திருந்தது. புது மூடி போட்டேன், எழுதி வைத்தேன், அழித்தேன், விளக்கு அணைந்தது. மொத்த என்ஜினும் கூச்சல் போட்டது ஒரு ரப்பர் வளையத்துக்காக. உன் அக்கா வாயைப் பிளந்தாள். "பரவாயில்லையே, வீட்ல ஒரு ஆள் இருக்காரு" என்றாள். இத்தனை மாசத்தில் அவள் வாயிலிருந்து வந்த நல்ல வார்த்தை அது.

இந்தப் பெட்டியை மூடி வைக்க முடியவில்லை மாப்பிள்ளை. மூன்றாவது வரியை அழுத்தினால் என்ஜின் ஓடும்போதே உள்ளே நடப்பதெல்லாம் எண்ணாக ஓடுகிறதே, அதை நீ ஏன் சொல்லவில்லை? இத்தனை வருஷமாக என்ஜினைக் காதால்தான் கேட்டிருக்கிறேன். மேட்டில் மூச்சு வாங்குகிறது, இறக்கத்தில் ஆசுவாசமாகிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்வேன். இப்போது அதே மூச்சை எண்ணில் பார்க்கிறேன். ஏசி போட்டதும் ஒரு எண் குதிக்கிறது. சூடு ஏறி ஏறி ஒரு இடத்துக்கு வந்ததும் ஃபேன் ஓடுகிறது, உடனே எண் இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. காற்று எவ்வளவு, பெட்ரோல் எவ்வளவு என்று ஒரு எண் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கிறது. ஏன் நிலையாக நிற்காமல் ஆடுகிறது? இதற்குப் பதில் எழுது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உன் அக்கா பின்னறையில் தூங்குவாள். நான் ஷெட்டில் காருக்குள் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஓட்டுவதில்லை. வெறுமனே உட்கார்ந்திருக்கிறேன். அதற்கும் டாக்டரிடம் போய்ச் சொல்லிவிடாதே. உன்னைப் போலவே இதுவும் எல்லாவற்றையும் காட்டிக் கொடுக்கிறது என்பதால் குட்டி மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருக்கிறேன்.

ஆனால் புதுப் பிரச்சினை ஒன்று. நேற்று உன் அக்கா மேட்டுத் தெருவில் ஏறும்போது வண்டி உதறியதாம். மேலே ஒரு பெண் வலியில் காத்திருக்கிறாள், இங்கே வண்டி இருமிக்கொண்டு நிற்கிறது. எப்படியோ போய்ச் சேர்ந்தாள். குட்டி மாப்பிள்ளையைச் செருகினேன். பி 0300. மிஸ்ஸிங் அடிக்கிறதாம், அதாவது பெட்ரோல் விட்டு விட்டு எரிகிறதாம், எந்த சிலிண்டர் என்று குறிப்பாகச் சொல்லவில்லை. அழித்துப் பார்த்தேன், போனது. திரும்ப வந்தால் விட மாட்டேன்.

அக்காவின் கணவன்


மார்ச் 26

மாமாவுக்கு,

அழிக்காதீர்கள் என்று எழுதினேன். அழித்துவிட்டீர்கள். சரி.

அந்த எண் ஆடுவதற்குப் பதில். காற்றும் பெட்ரோலும் சரியாக இருக்கிறதா என்று என்ஜின் நொடிக்கு நொடி சந்தேகப்படுகிறது. கொஞ்சம் கூட்டிப் பார்க்கும், கொஞ்சம் குறைத்துப் பார்க்கும். சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. எண் ஆடாமல் நின்றுவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

பி 0300 பற்றி. மறுபடி வந்தால் மூன்று காரியம் செய்யுங்கள். முதலில், 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்று ஒரு வரி இருக்கும், அதைத் திறந்து உள்ளே இருப்பதை அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள். கோடு விழுந்த அந்த நொடியில் வண்டி என்ன செய்துகொண்டிருந்தது என்று கம்ப்யூட்டர் எடுத்து வைத்த போட்டோ அது. வேகம், சூடு, ஆர்.பி.எம். எல்லாம் இருக்கும். இரண்டாவது, கோடு அழித்ததிலிருந்து என்ஜின் எத்தனை தடவை சூடேறியது என்று ஒரு கணக்கு இருக்கும், அதையும் எழுதுங்கள். மூன்றாவது, அந்த வாரம் அக்கா எத்தனை தடவை வண்டியை எடுத்தாள் என்று கேட்டு எழுதுங்கள்.

ஸ்பார்க் பிளக் கடைசியாக எப்போது மாற்றியது? நான் இருந்தபோது மாற்றவில்லை. அதற்கு முன்னால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அக்காவை மேட்டுத் தெரு வழியாகப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். சுற்று வழி நல்லது.

குட்டி மாப்பிள்ளை பெயர் நன்றாக இருக்கிறது. பெரிய மாப்பிள்ளைக்கு வருத்தம் இல்லை.

தம்பி


ஏப்ரல் 5

மாப்பிள்ளை,

உன் பெட்டி பொய் சொல்கிறது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய கோடுகளை எல்லாம் துடைத்துச் சுத்தமாக வைத்தேன். வியாழக்கிழமை மத்தியானம் பார்த்தால் பி 0300 மறுபடியும் உட்கார்ந்திருக்கிறது. இந்தத் தடவை அழிக்கவில்லை, நீ சொன்னபடியே எல்லாம் எழுதினேன். உன் அக்கா நாலு நாள் வேலைக்குப் போனாள். போக ஒன்று, வர ஒன்று, ஆக எட்டு. பெட்டி பதின்மூன்று தடவை சூடேறியதாகச் சொல்கிறது. மீதி ஐந்து தடவை யார் எடுத்துக்கொண்டு போனது, பூனையா?

போட்டோவில் இருப்பதைக் கேள், இது அதைவிடக் கூத்து.

வேகம்: 0
என்ஜின் சூடு: 103
ஆர்.பி.எம்.: 4350

நிற்கிற வண்டி நாலாயிரத்துக்கு மேல் சுற்றுகிறதாம். அப்படி ரேஸ் கொடுத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். வண்டி நின்றால் ஆர்.பி.எம். எண்ணூறைத் தாண்டாது, அதை நான் தினமும் கண்ணால் பார்க்கிறேன். என் கணக்குப்படி சென்சார்தான் புரட்டு.

அது போக, பெட்டி லேசாக அடிபட்டிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. வியாழக்கிழமை சீட்டில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். முழித்தபோது அது காலடியில் கிடந்தது, ஒரு மூலை உடைந்திருக்கிறது. அன்றைக்கு எனக்கு நேரமே சரியில்லை. நாக்கை வேறு கடித்துக்கொண்டேன் போலிருக்கிறது, இன்னும் காரமாக எதுவும் சாப்பிட முடியவில்லை. எதிர் வீட்டு டீச்சரும் மறுநாள் காலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "என்ன சார், நேத்து வண்டியை அந்தக் கத்து கத்த விட்டீங்க?" என்று சண்டைக்கு வந்தார். நான் எங்கே கத்தவிட்டேன்? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மேல் இருக்கிற கோபம் என் மேல் பாய்கிறது.

ஒரு நல்ல சேதி. மே மாசம் டாக்டரிடம் போக வேண்டும். ஒரு வருஷம் எதுவும் வராமல் இருந்தால் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். எதுவும் வரவில்லை. டிப்போ மேனேஜர், "உங்க பஸ்ஸை வேற யார்கிட்டயும் நிரந்தரமாக் கொடுக்கலண்ணே" என்றார். அதைக் கேட்டதிலிருந்து ராத்திரி தூக்கத்தில்கூட கியர் மாற்றுகிறேன் என்று உன் அக்கா சொல்கிறாள்.

அந்தப் பதின்மூன்றுக்கு விளக்கம் எழுது. எனக்கு மண்டை குடைகிறது.

மாமா
(கை தவறி எழுதிவிட்டேன், அடிக்கவில்லை)


ஏப்ரல் 9

மாமா,

உங்கள் கடிதம் இன்று காலையில் கிடைத்தது. படித்ததும் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, நீங்கள் எடுக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறீர்கள். அதனால் அந்தப் பக்கம் லோடு கொண்டுவருகிற டிரைவரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். நாளைக்குக் கையில் கிடைக்கும்.

முதலில் சுலபமான விஷயம். பெட்டி பொய் சொல்லவில்லை. அந்த ஐந்து தடவையும் நீங்கள்தான். ஞாயிறிலிருந்து வியாழன் வரைக்கும் மத்தியானம் எண் பார்க்க உட்கார்ந்தீர்கள். என்ஜின் ஆறியிருந்தது, ஸ்டார்ட் செய்தீர்கள், நகராமல் வெறுமனே ஓடியது, சூடேறியது. பழைய பிளக். நின்ற இடத்திலேயே தினமும் ஓடினால் பிளக்கில் கரி படியும், கரி படிந்தால் மிஸ்ஸிங் அடிக்கும். மேட்டுத் தெருவில் உதறியது அதனால்தான். வண்டிக்கு என்ன வியாதி என்று நீங்கள் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே அந்த வியாதி வந்தது. நாலு பிளக்கையும் மாற்றுங்கள். அது முடிந்தது. இங்கே ஒர்க் ஷாப்பில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

இரண்டாவது விஷயம் சிரிப்பதற்கு இல்லை.

வேகம் 0, ஆர்.பி.எம். 4350. சென்சார் புரட்டு இல்லை. டீச்சருக்கும் அது கேட்டிருக்கிறது. ஷெட்டில் நிற்கிற வண்டி தானாக அவ்வளவு சுற்றாது. யாரோ ஆக்ஸிலேட்டரை மிதித்திருக்க வேண்டும். சீட்டில் இருந்தது நீங்கள் ஒருவர்தான். நீங்கள் மிதிக்கவில்லை என்கிறீர்கள். அது பொய் இல்லை, உங்களுக்கு ஞாபகம் இல்லை. பெட்டி கையிலிருந்து விழுந்தது. நாக்கில் கடி. சாப்பாட்டு மேஜையில் நான் பார்த்தபோதும் உங்கள் கால் இப்படித்தான் விறைத்து நீண்டது, எதிரில் இருந்த நாற்காலியைத் தள்ளிவிட்டது. நாக்கில் ரத்தம் இருந்தது. அன்றைக்கும் எழுந்ததும், "தூங்கிட்டேனா?" என்றுதான் கேட்டீர்கள்.

மாமா, வியாழக்கிழமை உங்களுக்கு மறுபடியும் வலிப்பு வந்திருக்கிறது. நான் நினைப்பது தப்பாக இருந்தால் நல்லது. வண்டி நியூட்ரலில் இருந்ததால் கத்தியதோடு போயிற்று. கியரில் இருந்திருந்தால் ஷெட்டுக்கு எதிரே இருப்பது டீச்சர் வீட்டு வாசல்.

இந்தத் தடவை நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை. அக்காவிடமும் இல்லை, டாக்டரிடமும் இல்லை. பயந்து அல்ல. நீங்களே சொல்ல வேண்டும் என்றுதான். ஆனால் அந்த சீட்டில் உட்காராதீர்கள். சாவியை அக்காவிடம் கொடுத்துவிடுங்கள், காரணம் எதுவும் சொல்லாமல்கூடக் கொடுங்கள். ஒரு வாரம் பார்ப்பேன். அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியுமா என்று தெரியவில்லை.

நீங்கள் எழுதி அனுப்பிய அந்த மூன்று வரியை வெட்டி இதோடு வைத்திருக்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 11

உன் வேலை குவாரி லாரியைப் பார்ப்பது. என்னைப் பார்ப்பது இல்லை.

மனுஷனுக்கு மத்தியானத் தூக்கம்கூட வரக்கூடாதா? தூங்கினால் கால் நீளாதா? எல்லாவற்றையும் எண்ணாகப் பார்த்துப் பார்த்து உனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. சொல்ல மாட்டேன் என்று ஒரு வரி, ஒரு வாரம்தான் என்று அடுத்த வரி. திரும்பவும் காட்டிக் கொடுக்கத்தான் போகிறாய். மே மாசம் எனக்கு பஸ் திரும்பக் கிடைப்பது உனக்குப் பொறுக்கவில்லை.

கோட்டை அழித்துவிட்டேன். போட்டோவையும் சேர்த்துத்தான். இப்போது வந்து படிக்கச் சொல் உன் பெட்டியை. எந்தக் கோடும் இல்லை.

பிளக் மாற்றிவிட்டேன். வண்டி நன்றாக ஓடுகிறது. உனக்கு இனி எழுத எதுவும் இல்லை.


ஏப்ரல் 15

மாமா,

அழித்துவிட்டீர்கள், சரி. ஸ்கேனரில் ஐந்தாவது வரியை ஒரு தடவை திறந்து பாருங்கள். அழித்த பிறகு வண்டி தன்னைத்தானே மறுபடி சோதித்துக்கொள்ள வேண்டும். அது முடிகிற வரைக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் நேராக 'தயார் இல்லை' என்றுதான் போடும். கோடு எதுவும் இல்லை என்பதற்காக, நான் நன்றாக இருக்கிறேன் என்று அது சொல்வதில்லை. இன்னும் தெரியவில்லை என்றுதான் சொல்லும்.

டீச்சரிடம் கேளுங்கள். அவருக்கு உங்கள் மேலும் என் மேலும் எந்தக் கோபமும் கிடையாது. அவர் என்ன பார்த்தார் என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டு, நான் சொன்னது பொய் என்றால் எழுதுங்கள். வேலையை விட்டுவிட்டு வந்து உங்கள் காலில் விழுகிறேன்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது மாமா. உங்களைக் காட்டிக் கொடுத்த பிறகு ஒரு வருஷமாக வீட்டுக்கு வர முடியாமல் இங்கே கிடக்கிறேன். இரண்டாவது தடவையும் நானே சொல்ல நேர்ந்தால், அப்புறம் எனக்கு அந்த வீடே கிடையாது.

தம்பி


ஏப்ரல் 24

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கு ஐந்தாவது வரியைத் திறந்தேன். நீ சொன்ன மாதிரியே 'தயார் இல்லை' வரிசையாக நின்றது. எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நல்ல பிளக் போட்டிருக்கிறேன், இன்னும் என்ன தயார் இல்லை என்று பெட்டியோடு சண்டை போட்டேன். அப்புறம் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. டீச்சரிடம் கேட்டால் என்ன ஆகிவிடும், அவரும் சும்மாதான் கத்தியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு போனேன். உன் மேல் பழியைத் தீர்த்துக்கொள்ளத்தான் போனேன் என்று வைத்துக்கொள்.

டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அந்த வியாழக்கிழமை என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நான் வந்து கண்ணாடியைத் தட்டினேன் சார். நீங்க கண்ணைத் திறந்துகிட்டுத்தான் இருந்தீங்க. என்னைப் பார்த்த மாதிரியே இருந்துச்சு. ஒரு வார்த்தை பேசல. இந்த மனுஷனுக்கு என்ன திமிருன்னு நினைச்சிட்டு வந்துட்டேன். ஏன் சார், உடம்பு சரியில்லையா?"

மாப்பிள்ளை, அவர் கண்ணாடியைத் தட்டியது எனக்குத் தெரியாது. அவர் வந்ததே தெரியாது. கண்ணைத் திறந்துகொண்டு இருந்திருக்கிறேன். சாப்பாட்டு மேஜையில் நடந்தது நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும், அதனால் ஒரு வருஷமாக அதை உன் கதை என்று வைத்திருந்தேன். இந்த அம்மாவுக்குக் கதை கட்ட என்ன தேவை? அவர் வீட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்து பார்த்தால் எங்கள் ஷெட்டும் காரின் முன்பக்கமும் நேர் எதிரே தெரிகிறது. வாசலில் அவருடைய பேத்தி சாக்பீஸால் கட்டம் போட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் எனக்கு எதுவும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து உன் அக்காவை எழுப்பினேன். மத்தியானத் தூக்கத்தில் எழுப்பினால் அவள் எப்படி என்று உனக்குத் தெரியும். சாவியைக் கையில் கொடுத்தேன். "என்ன, எங்க போகணும்?" என்றாள். சொன்னேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். எழுந்து ஜன்னலைத் திறந்து, "வெளிச்சத்துக்கு வாங்க. நாக்கை நீட்டுங்க" என்றாள். ஓரத்தில் இருந்த தழும்பைப் பார்த்தாள். அப்புறம்தான் அழுதாள். "ஊரார் பிள்ளை பிறக்கறதுக்கெல்லாம் ஓடுறேன், வீட்ல நடந்தது எனக்குத் தெரியலையே" என்றாள். நான் மறைத்து வைத்தால் அவளுக்கு எப்படித் தெரியும்?

மே மாசம் வரைக்கும் காத்திருக்கவில்லை. மறுநாளே டாக்டரிடம் போனோம். பெட்டியில் போட்டோவை நான் அழித்துவிட்டேனே, நீ வெட்டி அனுப்பிய அந்தத் துண்டுக் காகிதம்தான் கையில் இருந்தது. அதை மேஜையில் வைத்தேன். டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். "இது என்ன, உங்க பிரஷரா?" என்றார். காரோடது என்று விளக்கினேன். பிளக், கரி, பதின்மூன்று, எட்டு எல்லாம் சொன்னேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள், இவர் என்னிடம் 'தயார் இல்லை' என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். "இப்படி ஒரு சாக்கெட் மனுஷனுக்கு இருந்தா எனக்குப் பாதி வேலை மிச்சம்" என்றார். எனக்கும் அதே நினைப்புத்தான். என் முழங்காலுக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று இருந்திருந்தால் நானே முதல் ஆளாகச் செருகிப் பார்த்திருப்பேன். அந்த நொடியில் எனக்குள் என்ன ஓடியது, என்ன ஏறியது, என்ன இறங்கியது என்று தெரிந்துகொள்ள அவ்வளவு ஆசையாக இருக்கிறது.

மாத்திரையை மாற்றியிருக்கிறார். தலைக்கு ஏதோ ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள், அதில் கோடு கோடாக ஓடியது. வருஷக் கணக்கு அந்த வியாழக்கிழமையிலிருந்து புதிதாக ஆரம்பிக்கிறது. பஸ் போய்விட்டது. டிப்போ மேனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன். "உங்களை யாருண்ணே காட்டிக் கொடுத்தது?" என்று கேட்டார். நானேதான் என்றேன். அவருக்குப் புரியவில்லை. வெளியே வந்து என் பஸ் நிற்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்று அழுதேன். அதை உனக்கு மறைக்கப் போவதில்லை.

காட்டிக் கொடுத்தவன் என்று ஒரு வருஷமாக உன்னைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், அன்றைக்கு நீ எனக்குத்தான் காட்டிக் கொடுத்தாய். நான்தான் பார்க்கவில்லை.

நேற்று உன் அக்காவோடு மேட்டுத் தெரு வழியாகவே போனேன். அவள் ஓட்டினாள், நான் பக்கத்து சீட்டில் குட்டி மாப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எண்களை வாசித்துக்கொண்டே போனேன். ஒரு உதறல் இல்லை. பாதி மேட்டில், "கொஞ்சம் சும்மா வாங்க, தலை வலிக்குது" என்றாள். நிறுத்திவிட்டேன். பிரசவ வீட்டு வாசலில் அவளை எதிர்பார்த்து நின்றபோது ஐந்தாவது வரியைத் திறந்தேன். ஒவ்வொன்றாக 'தயார்' என்று மாறியிருந்தது. ஒன்று மட்டும் இன்னும் மாறவில்லை. அது எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை.

அதை எழுதிக் கேட்டால் பதில் வர ஒரு வாரம் ஆகும். அவ்வளவு பொறுமை எனக்கு இல்லை. சாயங்காலம் போன் போடு. முதல் மணியிலேயே எடுப்பேன். உன் குரலைக் கேட்டதும் எனக்குப் பேச்சு வருமோ வராதோ, நீயே பேச ஆரம்பி. மாறாத அந்த ஒன்று என்னவென்று முதலில் சொல், மற்றதெல்லாம் அப்புறம்.

உன்
மாமா